சிற்றீயும் வலைக்கண்ணும்

உறுப்பினர் கல்விப் பாடம்

நெய்பவரும் பயிரிடுபவரும் ஒருங்கே அமர்ந்து கற்கத்தக்க பாடங்கள் சிலவே. வலைத்துணியைப் பற்றிய பாடம் அவற்றுள் ஒன்றாகும். நெசவாளர்க்கு அது விற்பனைச் சரக்கு. விவசாயிக்கு நாற்றைக் காக்கும் கவசம். குடும்பத்தார் அனைவர்க்கும் இரவுத் தூக்கத்தின் காவல். கரூர் வட்டாரத்தில் பாலிஎதிலீன் இழையால் கொசுவலை செய்யும் தொழில் வேரூன்றியிருப்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆயினும், வலையை வாங்கும்போதும் விற்கும்போதும் அதனை எவ்வாறு அளப்பது என்ற கேள்விக்கு நம்மில் பலரிடம் திட்டமான விடை இல்லை. விடையின்மையால் சங்கத்தின் பணம் வீணாவதை நாம் நேரில் கண்டோம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பாடத்தை விளக்க ஓர் அயல்நாட்டு எடுத்துக்காட்டை மேற்கொள்கிறோம். ஸ்காட்லாந்து நாட்டின் மேட்டுநிலங்களில் கேம்பர் வண்டியில் தங்குவோர், கண்ணுக்கு அரிதாய்த் தென்படும் கடிபூச்சிகளை உள்ளே வரவொட்டாமல் தடுக்கும் முறையே அது. கேம்பர் என்பது படுக்கை, அடுப்பு, அலமாரி ஆகியவற்றோடு கூடிய சக்கர வீடு. அத்தனை சிறிய இடத்தில் வலையின் குறையும் நிறையும் ஒரே மாலைப்பொழுதில் வெளிப்பட்டுவிடும். ஆதலின், கற்பதற்கு ஏற்ற இடம் அது.

1. பூச்சியின் இயல்பு

இப்பூச்சியை ஆங்கிலேயர் மிட்ஜ் என்பர். அமெரிக்காவிலோ நோ-சீ-அம், அதாவது கண்ணுக்குப் படாதது என்று பெயர். அறிவியலார் கியூலிக்காய்டஸ் என்னும் இனத்தில் இதனைச் சேர்ப்பர். இவ்வினத்தில் 1,300க்கு மேற்பட்ட வகைகள் உலகில் உள்ளன. இக்கட்டுரையில் சிற்றீ என்றே வழங்குவோம். உடல் நீளம் பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரையில்தான். ஸ்காட்லாந்தின் மேட்டுநிலச் சிற்றீயும் சிறியதே.

கடிப்பது பெண் பூச்சி மட்டுமே. கொசு ஊசிபோன்ற உறுப்பைச் செலுத்தி இரத்தத்தை உறிஞ்சும். சிற்றீயோ தோலைக் கத்தரித்துச் சிறு புண்ணாக்கி, ஊறி நிற்கும் இரத்தத்தைக் குடிக்கும். உருவத்திற்குப் பொருந்தாத எரிச்சலும் தடிப்பும் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். மேட்டுநிலச் சிற்றீக்கு முதன்முறை முட்டையிட இரத்தம் தேவையில்லை; ஈரமும் புளிப்பும் கொண்ட சதுப்பு மண்ணிலேயே பெருகிவிடும். அதன் பின்னரே இரத்தத்தைத் தேடிப் புறப்படும். எனவே மனிதர் நடமாட்டமே இல்லாத இடத்திலும் கூட்டங்கூட்டமாய்க் காத்திருக்கும்.

மே மாதம் முதல் செப்டம்பர் வரையில் அதன் பருவம். விடியலும் அந்தியும், மேகம் கவிந்து காற்று அசையாதிருக்கும் நேரமும் அதற்கு உகந்தவை. மணிக்குச் சுமார் 7 மைல், அதாவது 11 கிலோமீட்டர் வேகத்திற்கு மேல் காற்று வீசினால் அது பறக்க மாட்டாது. நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைத் தொடர்ந்தே அது நம்மை வந்தடைகிறது. ஆகையால் வண்டிக்குள் நால்வர் உறங்கினால், சன்னல் வழியே வெளிவரும் மூச்சுக் காற்றே சிற்றீக்கு வழிகாட்டியாகிவிடும்.

2. கண்ணின் கணக்கு

சாதாரணக் கொசுவலை இப்பூச்சிக்குப் போதுமா என்பது முதற் கேள்வி. போதாது என்பதே விடை. படுக்கைக் கொசுவலைக்குச் சதுர அங்குலத்திற்கு 156 கண் என்பது உலகெங்கும் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அதாவது பக்கத்திற்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று கண். ஒவ்வொரு கண்ணும் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலமுடையது. நீண்ட காலும் விரிந்த சிறகும் கொண்ட கொசுவுக்கு அது தடை; சிற்றீக்கோ திறந்த வாயில். வீட்டுச் சன்னலில் பொருத்தும் 16 எண் வலையையும் சிற்றீக்களில் பெரும்பாலானவை கடந்துவிடும்.

அப்படியாயின் எந்த எண் வலை வேண்டும் என்று கேட்பதற்கு முன், எண் என்றால் என்ன என்று தெளிதல் நலம். ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்பதே எண். ஆனால் பூச்சியைத் தடுப்பது எண்ணன்று, கண்ணின் அகலம். அதனைக் காணும் வழி எளியது. ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். அதை எண்ணால் வகுத்து, வரும் ஈவிலிருந்து இழையின் கனத்தைக் கழித்தால் கண்ணின் அகலம் கிடைக்கும்.

நான்கு வலைகளை எடுத்துக்கொள்வோம்.

முதல் வலை: எண் 16, இழை 0.28 மி.மீ. கண் 1.31 மி.மீ. மொத்தப் பரப்பில் திறந்த இடம் நூற்றுக்கு 68.

இரண்டாம் வலை: எண் 20, இழை 0.28 மி.மீ. கண் 0.99 மி.மீ. திறந்த இடம் நூற்றுக்கு 61.

மூன்றாம் வலை: எண் 30, இழை 0.28 மி.மீ. கண் 0.57 மி.மீ. திறந்த இடம் நூற்றுக்கு 45.

நான்காம் வலை: எண் 30, இழை 0.15 மி.மீ. கண் 0.70 மி.மீ. திறந்த இடம் நூற்றுக்கு 68.

திறந்த இடத்தைக் காண்பதும் கடினமன்று. கண்ணின் அகலத்தை, இழையும் சேர்ந்த முழு அகலத்தால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்க வேண்டும். முதல் வலையில் 1.31ஐ 1.59ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.824, அதை 0.824ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 0.68 ஆகும்.

அமெரிக்கக் கடைகளில் சிற்றீ வலை என்ற பெயரால் விற்கப்படுவது பெரும்பாலும் இரண்டாம் வகை. அது கடியைக் குறைக்கும்; ஆயினும் மிகச் சிறிய வகைகள் அதிலும் நுழையக்கூடும். மூன்றாம் வலை நன்றாகத் தடுக்கும். ஆனால் காற்றையும் சேர்த்துத் தடுத்துவிடும். சிறிய வண்டியில் காற்றோட்டம் குறைந்தால் உறங்குவோர் புழுங்குவர். குளிர்நாட்டிலோ மூச்சிலுள்ள நீராவி கண்ணாடியில் படிந்து, படுக்கையில் சொட்டும். அந்நிலையில் எவரும் வலையை விலக்கவே முற்படுவர். விலக்கப்பட்ட வலை எத்தனை நுண்ணியதாயினும் பயனில்லை.

3. இழையின் மென்மை

இப்போது முதல் வலையையும் நான்காம் வலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணின் அகலம் பாதியளவாகச் சுருங்கிவிட்டது. திறந்த இடமோ இரண்டிலும் நூற்றுக்கு 68. இழை மெலிந்ததே இதன் காரணம். பூச்சிக்குக் கதவடைத்து, காற்றுக்கு வழிவிடும் வித்தை இழையின் மென்மையில் இருக்கிறது. நெசவாளர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மை இதுவே. பாலிஎதிலீன் ஒற்றையிழையில் 150 டெனியர் என்பது ஏறத்தாழ 0.15 மி.மீ. கனமுடையது. கொசுவலைக்கு வழங்கும் இழைதான் அது. புதிதாய்த் தேட வேண்டியதன்று.

இக்கணக்கு ஒரு வழிகாட்டியே. திறந்த இடம் சமமாயிருப்பினும், சிறு கண்களின் வழியே காற்று செல்லும்போது சற்று வேகம் குறையும். மெல்லிய இழைக்கு வேறொரு குறையும் உண்டு. சாதாரண நெசவில் அது இடம் பெயரும். ஓர் ஊடை நகர்ந்தால் ஒரு கண் குறுகும். அடுத்த கண் அகலும். பூச்சி குறுகிய கண்ணை நாடுவதில்லை, அகன்றதையே தேடிக்கொள்ளும். ஆதலின் இரண்டிரண்டு பாவிழைகள் ஊடையைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும் லீனோ நெசவோ, வெப்பத்தால் இழைகளை நிலைப்படுத்தும் முறையோ அவசியமாகிறது. வலையை விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்துக் கண்கள் உருமாறாதிருந்தாலன்றி அதனை நுண்வலை என்று ஏற்கலாகாது.

4. இடுக்குகளை அடைத்தல்

நல்ல வலையைப் பொருத்திய பிறகும் பூச்சி உள்ளே வருகிறது என்று வண்டிக்காரர் முறையிடுவதுண்டு. அங்கே குற்றம் வலையினுடையதாயிராது, வலையின் ஓரத்தினுடையதாயிருக்கும். இரண்டு மீட்டர் உயரமுள்ள கதவோரத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் இடுக்கு இருப்பதாகக் கொள்வோம். அதன் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர். ஏறத்தாழ ஒரு தீப்பெட்டியின் முகப்பு அளவு. கதவில் அவ்வளவு பெரிய ஓட்டையை எவராவது விட்டுவைப்பாரா?

கேம்பர் வண்டியில் இடுக்குகள் இருக்கும் இடங்கள் பெரும்பாலும் இவை: தள்ளு கதவின் அடிப்பாகம், கூரைச் சன்னலின் சட்டம், ஜிப்பின் இரு முனைகள், வலையைச் சட்டத்தோடு ஒட்டிய மூலைகள், குழாயும் மின்கம்பியும் தரையைத் துளைத்துச் செல்லும் இடங்கள். இருட்டியபின் உள்ளே விளக்கேற்றி, வெளியே நின்று பார்த்தால் ஒளிக்கீற்றுகள் பல இடுக்குகளைக் காட்டிக்கொடுத்துவிடும். கதவு வலையை ஒரே துண்டாகத் தொங்கவிடுவதைக் காட்டிலும், இரு துண்டுகளை ஒரு சாண் அகலம் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு தொங்கவிட்டு, அடியோரத்தில் கனமான பட்டியைத் தைப்பது நன்று. ஓரத்தை வெல்க்ரோ பட்டையால் முழுவதும் பிடிக்கச் செய்யலாம். காந்தத்தால் ஒட்டும் திரையாயின், காந்தங்களுக்கு இடைப்பட்ட பகுதி வாய் பிளக்கிறதா என்று நோக்க வேண்டும்.

5. அடைக்கவே கூடாத துளைகள்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. எல்லாத் துளைகளையும் அடைத்துவிட வேண்டும் என்ற ஆர்வம் உயிருக்கே உலைவைக்கும். வண்டியில் சமையல் எரிவாயு உருளை வைக்கும் பெட்டியின் அடித்தளத்தில் ஒரு துளை விடப்பட்டிருக்கும். அவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அத்துளை வழியே வெளியேற வேண்டும். அதுபோலவே அடுப்புக்கும், எரிவாயுவால் இயங்கும் குளிர்பெட்டிக்கும் நிலையான காற்றுத் துளைகள் உண்டு. இவற்றைத் துணியாலும் பசைப்பட்டையாலும் அடைத்தல் ஆகாது. வலை பொருத்துவதாயினும், வண்டி செய்தவர் குறித்துள்ள காற்றுப் பரப்பு குறையாவண்ணம் பொருத்த வேண்டும்.

புகையிட்டுப் பூச்சியை விரட்டலாம் என்று கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது அதனினும் கொடிய தவறு. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிப்படும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோர் விழிப்பதற்குள் உயிரைக் கவர்ந்துவிடும். அணைந்ததுபோல் தோன்றும் கரியிலும் இவ்வபாயம் உண்டு. நம் ஊரில் குளிர்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரிச்சட்டி வைப்போர்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

6. இடமும் நேரமும்

வலையின் வேலையைப் பாதியாகக் குறைப்பது இடத்தேர்வு. சதுப்பின் ஓரத்திலும் காற்று நுழையாத மரச்செறிவிலும் வண்டியை நிறுத்தாமல், காற்றுப்படும் மேட்டில் நிறுத்துவோர் நிம்மதியாய் உறங்குவர். அந்திக்கு முன்பே வலைகளை மூடிவிட்டு, அதன் பின்னரே விளக்கேற்ற வேண்டும். இச்சிற்றீக்களில் பல, ஒளியை நாடுபவை. உள்ளே ஒரு சிறு மின்விசிறி படுக்கையின்மேல் வீசுமாயின், தப்பி நுழைந்த பூச்சியும் உடலில் அமர இயலாது. டீட் போன்ற தோல் பூச்சு மருந்துகள் பயன் தருபவையே. ஆனால் டீட் சில பிளாஸ்டிக்குகளையும், ரேயான், ஸ்பான்டெக்ஸ் போன்ற துணிகளையும் கெடுக்கும். ஆதலால் பூசிய கையோடு சன்னற்சட்டத்தையும் துணிகளையும் தொடாதிருத்தல் நலம்.

7. நமது பட்டிக்கும் நாற்றங்காலுக்கும்

ஸ்காட்லாந்தில் சிற்றீ மனிதர்க்கு நோய் பரப்புவதாக அறியப்படவில்லை. அது தூக்கத்தைக் கெடுப்பதோடு நின்றுவிடுகிறது. நம் நாட்டில் கதை வேறு. கியூலிக்காய்டஸ் இனத்தின் சில வகைகள் செம்மறியாட்டில் நீலநாக்கு நோயைப் பரப்புபவை. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1964இல் மகாராஷ்டிரத்தில் பதிவாயிற்று. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில் இது தலைகாட்டுவது வழக்கம். 1997-98இல் கடுமையாகப் பரவியது. குளிர்நாடுகளும் தப்பவில்லை, 2006இல் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய நாடுகளில் இந்நோய் தோன்றியது. மனிதரை இது தாக்குவதில்லை. ஆயினும் இருபது ஆடுகளே செல்வமென வாழும் குடும்பத்தில் ஐந்து ஆடுகள் மடிந்தால், அவ்வாண்டின் பள்ளிச் செலவும் கடன் தவணையும் தடுமாறும்.

திறந்த வயலில் கிடை போடுவோர் மந்தை முழுவதையும் வலையால் மூட இயலாது. அவர்கள் முதற்கண் செய்யத்தக்கது, மழைக்காலத்திற்கு முன்பே கால்நடை மருத்துவரை அணுகித் தடுப்பூசி போடுவித்தல். ஐந்து வகை நீலநாக்கு வைரஸ்களுக்கு எதிரான தடுப்பூசி இந்தியாவிலேயே தயாராகிறது. அடுத்தது, சாணமும் நீரும் கலந்த சேற்றில் இப்பூச்சிகள் பெருகுமாதலால், பட்டியை மேட்டில் அமைத்து உலர வைத்தல். கொட்டகையில் ஆடு வளர்ப்போர் அந்தி முதல் விடியல்வரை நுண்வலைத் திரையைப் பயன்படுத்தலாம். மேலே கூறிய கண் கணக்கும் இடுக்குக் கணக்கும் அங்கும் அப்படியே பொருந்தும்.

பூச்சி வேறானாலும் கணக்கு மாறாத இன்னோர் இடம் நாற்றங்கால். தக்காளிக்கும் மிளகாய்க்கும் இலைச்சுருள் நோயைக் கொண்டுவரும் வெள்ளை ஈயைத் தடுக்க 40 அல்லது 50 எண் வலை வழங்குகிறது.

8. ஒரு சங்கத்தில் கண்டது

விவசாயிகள் சங்கம் ஒன்றின் கணக்கை ஆய்வு செய்யச் சென்றபோது நிகழ்ந்ததை இங்கே கூறுவோம். சங்கத்தின் செலவில் மிளகாய் நாற்றுக்கு வலைக்குடில் எழுப்பியிருந்தனர். வலை புதிது; தையல் நேர்த்தி; நாற்றுகளோ நோயுற்றுச் சுருண்டு கிடந்தன. உறுப்பினர்கள் விதையைக் குறை கூறினர். சிலர் செயலாளரைக் குறை கூறினர். பக்கத்து ஊர் நெசவாளர் சங்கத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் அன்று அங்கு வந்திருந்தார். தம் மடியிலிருந்த இழை எண்ணும் கண்ணாடியை வலைமேல் வைத்து, உதட்டசைவில் எண்ணி, "இருபத்து நான்குதான் இருக்கிறது, ஐயா" என்றார். 0.2 மி.மீ. இழையென்று கொண்டால் கண் 0.86 மி.மீ. ஆகிறது. வெள்ளை ஈக்கு அது அகன்ற பாதை.

கொள்முதல் கோப்பைப் புரட்டினோம். விலைப்புள்ளி மூன்று பெற்றிருந்தனர். மிகக் குறைந்ததை ஏற்றிருந்தனர். தீர்மானம் முறைப்படி நிறைவேறியிருந்தது. ஆனால் ஆணையில் எழுதியிருந்தது "பூச்சி வலை, நைஸ் ரகம்" என்ற சொற்களே. எண்ணும் இல்லை, இழையின் கனமும் இல்லை. விற்றவர் பூச்சி வலை என்றே கொடுத்திருந்தார். அவரை எவ்வாறு குற்றஞ்சாட்டுவது? அக்கோப்பின் ஓரத்தில் முந்தைய ஆய்வின் கையொப்பமும் இருந்தது. அது நம்முடையதே. விலைப்புள்ளி மூன்றா என்று எண்ணிப் பார்த்த நாம், வலைக்கண் எத்தனை என்று கேட்கத் தவறியிருந்தோம். அன்று முதல், அளவின்றி எழுதிய கொள்முதல் ஆணையைக் கண்டால் நாம் அப்பக்கத்தைத் தாண்டுவதில்லை.

9. சங்கங்கள் மேற்கொள்ளத்தக்கவை

கொள்முதல் ஆணையில் நான்கு விவரங்கள் இடம்பெற வேண்டும்: அங்குலத்திற்குப் பாவு எண், அங்குலத்திற்கு ஊடை எண், இழையின் கனம், நெசவின் வகை. சரக்கு வந்ததும், ஒவ்வொரு சுருளிலும் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களில் எண்ணிப் பார்த்துச் சரக்குப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். இழை எண்ணும் கண்ணாடியின் விலை மிகச் சிறிது. அது இல்லாத விவசாயிகள் சங்கம், அருகிலுள்ள நெசவாளர் சங்கத்தின் உதவியை நாடலாம். விற்கும் நெசவாளர் சங்கங்களும் "கொசுவலை", "நுண்வலை" என்ற பெயரோடு நில்லாமல், கண்ணின் அகலத்தை மில்லிமீட்டரில் சீட்டில் அச்சிட்டுத் தருவார்களாயின், வாங்குவோரின் நம்பிக்கை தானே வளரும். அந்த நம்பிக்கையே கூட்டுறவின் மூலதனம்.

ஸ்காட்லாந்து மேட்டில் வண்டியை நிறுத்தி உறங்குபவரும், மழைக்கால இரவில் பட்டியைக் காப்பவரும், நாற்றங்காலில் நீர் தெளிப்பவரும் வலையை நம்பியே கண்ணயர்கின்றனர். அவர்கள் நம்பிக்கைக்கு உரியதாக வலையைச் செய்வதும், எண்ணி வாங்குவதும் நம் கடமையாகும்.

கல்வி வகுப்பில் விவாதிக்க

1. எண் 40, இழை 0.2 மி.மீ. கொண்ட வலையின் கண் அகலம் யாது? இழை 0.15 ஆனால் கண் எவ்வளவாகும்? எதில் காற்று அதிகம் செல்லும்?

2. உங்கள் சங்கத்தின் கடைசி வலைக் கொள்முதல் ஆணையில் மேற்கூறிய நான்கு விவரங்களுள் எத்தனை உள்ளன?

3. உங்கள் வீட்டிலோ கொட்டகையிலோ அடைக்க வேண்டிய இடுக்குகள் எவை? அடைக்கவே கூடாத துளைகள் எவை?